ஷேக்ஸ்பியரின் பொன்மொழிகள் யார் வாயிலிருந்து வந்தவை?

ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையைப் பற்றியும், அவர் சொன்னவற்றில் மறக்க முடியாத வரிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வரிகளிலிருந்தே தொடங்குகிறேன்; ஏனெனில் 'ஷேக்ஸ்பியர் சொன்னார்' என்று நாள்காட்டியில் அச்சாகும் வரிகள் பலவும் அவருடைய பாத்திரங்கள் பேசியவை, அவற்றுள் சிலவற்றைப் பேசியவர்கள் நம்பத்தகாதவர்கள்.

"சுருங்கச் சொல்வதே அறிவின் உயிர்" என்பது 'ஹாம்லெட்' நாடகத்தில் அரசரின் ஆலோசகரான பொலோனியஸ் பேசுவது. இளவரசன் ஹாம்லெட்டுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்ற ஒரே சேதியைச் சொல்ல வந்த அந்த முதியவர் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டே போக, அலங்காரத்தைக் குறைத்து விஷயத்துக்கு வருமாறு அரசியே இடைமறிக்கிறாள். "உனக்கு நீ உண்மையாக இரு" என்று பாரிசுக்குப் புறப்படும் மகனுக்கு உபதேசிப்பவரும் அவரே; பிறகு அந்த மகனை வேவு பார்க்க ஆள் அனுப்புபவரும் அவரேதான். நற்பெயரே மனிதனின் பெருஞ்செல்வம், பணப்பையைத் திருடியவன் வெறும் குப்பையைத்தான் திருடினான் என்று 'ஒதெல்லோ' நாடகத்தில் உருக்கமாகப் பேசுபவன் வில்லனான இயாகோ. ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் பெயரைக் கெடுக்க அவன் வலை பின்னிக்கொண்டிருக்கும் நேரம் அது.

பேசும் பாத்திரத்தின் இயல்புக்கேற்ப இப்படி எழுதியதற்கு ஷேக்ஸ்பியரின் தொழிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் கையுறை செய்து விற்றவரின் மகனாக 1564-இல் பிறந்து, 18 வயதில் மணமுடித்து, லண்டன் சென்ற அவர், நடிகராகவும் நாடகக் குழுவின் பங்குதாரராகவும் இருந்தவர். அக்கால நடிகருக்கு முழுப் பிரதி கிடைக்காது. அவர் பேச வேண்டியதும், அதற்கு முன் மற்றவர் முடிக்கும் சில சொற்களும் மட்டுமே எழுதிய தாள் கிடைக்கும். அந்த வரிகளுக்குள்ளேயே ஆள் யார் என்பது விளங்கியாக வேண்டும்.

அவருடைய சொந்த மனம் பற்றி ஆவணங்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரே மகன் ஹாம்னெட் 1596-இல் 11 வயதில் இறந்ததை ஊர்த் தேவாலயப் பதிவேடு சொல்கிறது. தந்தை என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, 'மாக்பெத்' நாடகத்தில் மனைவி இறந்த சேதி கேட்டு மாக்பெத் பேசும் "நாளை, நாளை, பின்னும் நாளை" என்ற பகுதி. அந்த நாடகம் ஷேக்ஸ்பியர் உயிருடன் இருந்தவரை அச்சாகவில்லை. 1616-இல் அவர் இறந்த பின், சக நடிகர்களான ஜான் ஹெமிங்ஸும் ஹென்றி காண்டலும் 36 நாடகங்களைத் தொகுத்து 1623-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் பாதி அதற்கு முன் அச்சேறாதவை. அந்த இருவருக்கும் நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் என்று அவர் தம் உயிலில் எழுதி வைத்திருந்தார்.