எம்.பி. பேசிவிட்டார், ரயில் நிற்கவில்லை: அடுத்து என்ன செய்வது?

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் திருச்சி ரயில்வே கோட்டத்தில் உள்ள சிறிய நிலையம். கொரோனாவுக்கு முன்பு இங்கே நின்று சென்ற விரைவு ரயில் இப்போது நிற்பதில்லை. எங்கள் எம்.பி. இதை மக்களவையில் பேசினார். அந்த வீடியோ ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அவரை மறுபடியும் பேசச் சொல்வதா, வேறு வழி இருக்கிறதா?

பதில்: மறுபடியும் பேசச் சொல்ல வேண்டாம். கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ரயில்வே அமைச்சகத்துக்கு இரண்டும் வேறு வேறு.

உங்கள் எம்.பி. பேசியது பெரும்பாலும் பூஜ்ய நேரத்தில்தான் இருக்கும். மக்களவையில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம், அது முடிந்ததும், உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரம். (மாநிலங்களவையில் 2014 முதல் இது தலைகீழ்: கேள்வி நேரம் நண்பகல் 12 மணிக்கு.) பூஜ்ய நேரத்தில் எழுப்பும் விஷயத்துக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. பேச்சின் அந்தப் பகுதியை நாடாளுமன்ற விவகார அமைச்சகம் எடுத்து ரயில்வேக்கு அனுப்பும். அங்கே அது கடிதங்களோடு கடிதமாகச் சேர்ந்துகொள்ளும்.

இதைவிட ஒரு படி மேல், மக்களவை நடைமுறை விதிகளில் உள்ள விதி 377-இன் கீழ் விஷயத்தை எழுப்புவது. உறுப்பினர் 250 சொற்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், வாரத்துக்கு ஒன்றுதான். பல நாட்களில் வாசிக்க நேரம் இருக்காது, அவையில் வைக்கப்பட்டதாகக் கொள்வார்கள். வீடியோ கிடைக்காது என்பதால் சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் அமைச்சர் அந்த உறுப்பினருக்கு எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. மாநிலங்களவையில் இதற்கு இணையானது 'சிறப்புக் குறிப்பு'.

அதற்கும் மேலே இருப்பது கேள்வி. அனுமதிக்கப்பட்ட கேள்விக்குக் குறித்த நாளில் பதில் அவையில் வைக்கப்பட வேண்டும். விரைவு ரயில்களின் நிறுத்தத்தை முடிவு செய்வது டெல்லியில் இருக்கும் ரயில்வே வாரியம். கோட்டமும், அதற்கு மேலே உள்ள மண்டலமும் (உங்களுக்குத் தெற்கு ரயில்வே) பரிந்துரைக்க மட்டுமே முடியும். கேள்வி வந்ததும் வாரியம் தெற்கு ரயில்வே தலைமையகத்திடம் விவரம் கேட்கும், தலைமையகம் திருச்சி கோட்டத்திடம் கேட்கும். உங்கள் ஊரின் கோப்பு எந்த அலமாரியில் தூங்கினாலும் அந்த வாரம் யாராவது ஒருவர் அதைத் தூசி தட்டித் திறந்தாக வேண்டும். பதிலில் என்ன எழுதுகிறார்கள் என்பதைவிட, இப்படிக் கோப்பு நகர்வதே பல சமயம் பெரிய பலன்.

ஆனால் கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எம்.பி. அலுவலகங்களுக்கு ஊர்க்காரர்கள் எழுதித் தரும் மனு அப்படியே கேள்வியாகும்போது வழக்கமாக இப்படி வரும்:

"எங்கள் ஊரில் விரைவு ரயில் நிற்காததால் மாணவர்களும் நோயாளிகளும் கடும் அவதிக்கு உள்ளாகி வருவதை அரசு அறியுமா, அறியுமெனில், மீண்டும் நிறுத்தம் வழங்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?"

இதற்கான பதில் ரயில்வேயிடம் ஏற்கெனவே அச்சடித்தாற்போல இருக்கிறது. நிறுத்தம் வழங்குவது தொடர்ந்து நடைபெறும் பணி. போக்குவரத்துத் தேவையையும் இயக்கச் சாத்தியத்தையும் பொறுத்தது. தற்போது அத்தகைய முன்மொழிவு இல்லை. மூன்று வரி, முடிந்தது. அதிகாரி பொய் சொல்லவில்லை, கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். 'அறியுமா' என்று கேட்டால் 'அறியும்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். போதாக்குறைக்கு, ஒரே ஓர் ஊரைப் பற்றியது என்பதால் சின்ன விஷயம் என்று கேள்வியே தள்ளுபடியாகும் அபாயமும் உண்டு.

அதையே இப்படி மாற்றுங்கள்:

(அ) 2020 மார்ச்சுக்கு முன்பு நின்று, பின்னர் நிறுத்தம் நீக்கப்பட்ட அஞ்சல் மற்றும் விரைவு ரயில்கள் திருச்சி கோட்டத்தில் எத்தனை; நிலையம் வாரியாக, ரயில் எண் வாரியாக விவரம் என்ன;
(ஆ) அவற்றில் மீண்டும் வழங்கப்பட்ட நிறுத்தங்கள் எவை, எந்தத் தேதி முதல்;
(இ) மீதியில், கோட்டமோ மண்டலமோ பரிந்துரைத்து ரயில்வே வாரியத்தின் முடிவுக்குக் காத்திருப்பவை எவை; பரிந்துரை சென்ற தேதி என்ன;
(ஈ) நிறுத்தம் அனுமதிக்க வாரியம் பார்க்கும் குறைந்தபட்ச டிக்கெட் விற்பனை அளவு என்ன. மேற்படி நிலையங்களில் அது எவ்வளவு?

உங்கள் ஊரின் பெயர் இதில் இல்லை. இருந்தாலும் (அ)-வில் வரும் அட்டவணையில் உங்கள் ஊர் ஒரு வரியாக வந்தே தீர வேண்டும். முக்கியமானது (இ). உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருந்தால் தடை டெல்லியில், எம்.பி. அமைச்சரைப் பார்ப்பதில் பொருள் உண்டு. பட்டியலில் இல்லையென்றால் கோட்டமோ மண்டலமோ பரிந்துரைக்கவே இல்லை என்று அர்த்தம். டெல்லிக்குக் காவடி எடுத்துப் பயனில்லை, முதலில் போக வேண்டியது திருச்சிக் கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமலே பல ஊர்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், கருத்து, கிண்டல், குற்றச்சாட்டு எதுவும் இருக்கக் கூடாது. 'கடும் அவதி', 'பாராமுகம்' போன்ற சொற்களை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைக் கேட்க முடியாது. உங்கள் ஊர்ச் சங்கம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தால் அதை எம்.பி. அலுவலகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பதில் வந்த கேள்வியும், பொதுவில் எளிதாகக் கிடைக்கும் தகவலைக் கேட்கும் கேள்வியும் தள்ளுபடியாகும். அதனால் நாடாளுமன்ற இணையதளத்தின் கேள்வி-பதில் பகுதியில் ரயில்வே அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, நிறுத்தம் பற்றிய பழைய பதில்களை ஒரு முறை தேடிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

எம்.பி.யிடம் போவதற்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுவிடுவது நல்லது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். கோட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்க வேண்டியது இரண்டே: உங்கள் நிலையத்தில் நிறுத்தம் இருந்தபோதும் இப்போதும் மாதவாரியாக விற்ற முன்பதிவில்லா டிக்கெட்டுகள் எத்தனை, முன்பதிவு செய்து அங்கே ஏறியவர்கள் எத்தனை பேர். அந்தத் தாளோடு எம்.பி. அலுவலகத்துக்குப் போனால் அவருடைய உதவியாளரே உங்களை உட்கார வைத்துப் பேசுவார்.

நாட்களைச் சரியாக எண்ணுங்கள். பதில் வர வேண்டிய நாளுக்கு முழுதாக 15 நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும். கொடுக்கும் நாளும் பதில் நாளும் கணக்கில் சேராது. 18-ஆம் தேதி பதில் வேண்டுமானால் 2-ஆம் தேதிக்குள் கொடுத்திருக்க வேண்டும், 3-ஆம் தேதி கொடுத்தது வீண். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குவார்கள். மக்களவையில் ரயில்வே அண்மைக் காலமாகப் புதன்கிழமை வருகிறது என்றாலும், ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் வெளியாகும் அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு எம்.பி.யைத் தேடிப் போகிறவர்கள் ஏற்கெனவே பாதி வாய்ப்பை விட்டுவிட்டவர்கள்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வியா, குறியிடாததா? தலைவர்களுக்கு முதலாவதுதான் பிடிக்கும்: அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார், கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம், தொலைக்காட்சியில் வரும். ஆனால் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான்; யாருடையது வரும் என்பது குலுக்கல். அந்த இருபதிலும் நாலைந்துதான் பெரும்பாலும் வாய்மொழியாக எடுக்கப்படும். குறியிடாத கேள்விகளோ நாளொன்றுக்கு 230 வரை, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில். அவையில் அமளி நடந்து கேள்வி நேரமே நடக்காவிட்டாலும் எழுத்துப் பதில் வந்து சேரும். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை ரத்து செய்தபோதுகூட எழுத்துப் பதில்கள் நிற்கவில்லை. உங்கள் தேவை அட்டவணையும் தேதியும். குறியிடாத கேள்வியே போதும்.

உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. அவர் அமைச்சராகிவிட்டால் கேள்வி கேட்க மாட்டார். தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு 18 பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் கேட்கலாம். அங்கேயும் 15 நாள் கணக்குதான்.

பதில் வந்ததும் அட்டவணையைப் பார்க்கும் முன் வினைச்சொற்களைப் பாருங்கள். "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்", "விசாரிக்கப்படும்" என்று வந்தால் அது வெறும் வாய்வார்த்தை இல்லை. இப்படிப்பட்ட சொற்றொடர்களை அவை உறுதிமொழியாகவே கணக்கில் எடுக்கும். மக்களவையில் 1953 முதல் இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அவகாசம் கேட்டு அமைச்சகம் குழுவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். 'தொடர்ந்து நடைபெறும் பணி' என்ற சொற்றொடர் ஏன் இத்தனை பிரபலம் என்று இப்போது புரிந்திருக்கும். அது எதையும் ஒப்புக்கொள்வதில்லை, எந்தக் குழுவின் வலையிலும் சிக்குவதில்லை. உங்களுக்கு வந்த பதிலில் உறுதிமொழி இருந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழிந்ததும் உங்கள் எம்.பி. வழியாகக் குழுவுக்கு ஒரு கடிதம் போகட்டும்.

பதில் மழுப்பலாக இருந்தால்? (அ) முதல் (ஈ) வரை எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கலந்து, அட்டவணை தராமல் விடுவது வழக்கமான தந்திரம். அந்தப் பதிலையே ஆதாரமாக வைத்து, மூன்று நாள் முன்னறிவிப்போடு அரை மணி நேர விவாதம் கேட்கலாம். மக்களவையில் திங்கள், புதன், வெள்ளி மாலைகள் அதற்கு. ஆனால் ஒரு கோட்டத்து விவகாரத்துக்கு அது கிடைப்பது அபூர்வம். பட்ஜெட் கூட்டத்தொடரில் ரயில்வே மானியக் கோரிக்கை (செலவுக்கு அமைச்சகம் அவையிடம் கேட்கும் தொகை) விவாதத்துக்கு எடுக்கப்பட்டால், 100 ரூபாயைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். நூறு ரூபாய் பெயருக்குத்தான். குறிப்பிட்ட ஒரு குறையைப் பதிவு செய்வதற்காகவே உள்ள ஏற்பாடு அது. தோற்கும் என்பது தெரிந்ததே, ஆனால் குறை அச்சில் ஏறும்.

மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு, அதற்குக் குடிமக்களே எழுதலாம். தமிழில் எழுதினால், கையெழுத்திட்ட ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய விஷயங்களை அது எடுத்துக்கொள்ளாது. நிலையத்துக்கு வரும் சாலை குண்டும் குழியுமாக இருப்பது, நகரப் பேருந்து வராதது எல்லாவற்றையும் ரயில் மனுவோடு சேர்த்துக் கட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவற்றைப் பிரித்துச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். கலந்து கொடுத்தால் இரண்டு பக்கமும் திரும்பி வரும்.

கேள்வி கேட்க வைக்கப் பணமோ பரிசோ கொடுக்கவே கூடாது. கேள்விக்குப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். அவையில் பேசவோ வாக்களிக்கவோ லஞ்சம் வாங்கினால் எம்.பி.க்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பான நாடாளுமன்றச் சலுகை காப்பாற்றாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. ஊர்ச் சங்கம் வசூல் செய்து 'செலவுக்கு' என்று எதையாவது கொடுக்கப் போனால், ரயில் நிற்பதற்கு முன் வேறு யாராவது உங்கள் ஊரில் வந்து நிற்பார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நிறுத்தம் கிடைத்தால், அது பெரும்பாலும் ஆறு மாதச் சோதனை அடிப்படையில்தான் இருக்கும். அந்த ஆறு மாதம் விற்கும் டிக்கெட்டை வைத்துத்தான் நீட்டிப்பதா என்று முடிவு செய்வார்கள். இங்கேதான் ஊர்க்காரர்களே சறுக்குவது. பெரிய நிலையத்திலிருந்து இடம் எளிதாகக் கிடைக்கும் என்று அங்கிருந்து முன்பதிவு செய்து, ஏறும் இடத்தை மட்டும் உங்கள் ஊராக மாற்றிக்கொண்டால் டிக்கெட் அந்த நிலையத்தின் கணக்கில்தான் நிற்கும். சென்னையிலிருந்து வருகிறவர் திருச்சி வரை எடுத்துவிட்டு உங்கள் ஊரில் இறங்கினாலும் அப்படியே. சீசன் டிக்கெட் உட்பட எதுவானாலும், ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் டிக்கெட்டில் எழுத்தாக இருக்கும்படி வாங்கச் சொல்லி, நிலைய வாசலில் ஒரு தட்டி வையுங்கள்.