பள்ளித் தோட்டத்தைக் கோடை விடுமுறையிலிருந்து திட்டமிடுங்கள்

கேள்வி: தில்லி மயூர் விகாரில் வசிக்கிறேன். என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கும் பள்ளியில் சென்ற பிப்ரவரியில் காய்கறித் தோட்டம் போட்டார்கள். வெண்டை, சுரை, பாகல் மூன்றும் நன்றாக வந்தன. ஆனால் இந்த ஜூலையில் பள்ளி திறந்தபோது ஒரு செடியும் மிஞ்சவில்லை. இப்போது பெற்றோர் சார்பில் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மதில் சுவரை ஒட்டி 40 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள இடம், ஒரு குழாய், ஒரு மாலி (தோட்டக்காரர்), 35 பிள்ளைகள். புகைப்படத்துக்காக நடத்தாமல், நீரையும் மண்ணையும் பிள்ளைகள் பொறுப்போடு பேணக் கற்கும்படி இதை எப்படி நடத்துவது? நம் ஊர் முருங்கை வைக்கலாமா?

பதில்: தங்கள் பள்ளித் தோட்டம் காய்ந்ததற்குப் பிள்ளைகளின் ஆர்வக் குறைவையோ மாலியின் அலட்சியத்தையோ தேடிப் போக வேண்டியதில்லை. பிப்ரவரியில் விதைத்த வெண்டையும் சுரையும் பாகலும் ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் வரை காய்க்கும். தில்லிப் பள்ளிகளோ மே மாத நடுவில் மூடி ஜூலைத் தொடக்கத்தில்தான் திறக்கின்றன. விதைத்தவர்கள் அறுவடைக்கு இல்லாதபடி நாள்காட்டியே அமைந்துவிட்டது. ஆகவே தோட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எப்போது விதைக்க வேண்டும் என்ற இரண்டையும் கோடை விடுமுறையை முன்வைத்தே முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. தொடக்க விழா நாளின் உற்சாகத்தை அளவுகோலாகக் கொண்ட தோட்டங்கள் முதல் மே மாதத்தைத் தாண்டுவது அரிது.

நீர்க் கணக்கைப் பாருங்கள். தில்லியின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர் போதும். லூ எனும் அனல்காற்று வீசும் மே, ஜூனில் அதே பாத்தி ஏழெட்டு லிட்டர் கேட்கும். தங்களிடம் இருப்பது சுமார் 45 சதுர மீட்டர். அது முழுவதிலும் பயிர் இருந்தால் கோடையில் நாள்தோறும் முந்நூறு லிட்டருக்கு மேல், பூட்டிய பள்ளிக்குள், ஒரே ஒருவர் ஊற்ற வேண்டியிருக்கும். இது நடக்காது, தண்ணீர் லாரிக்குக் குடத்துடன் வரிசையில் நிற்கும் குடியிருப்புகள் உள்ள நகரத்தில் நடக்கவும் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பாத்தி என்று ஏழு பாத்திகள் மட்டும் போடுங்கள். ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், ஆறடி நீளம். மூன்றடிக்கு மேல் அகலம் வைத்தால் பிள்ளைகளின் கை நடுவரை எட்டாது, உள்ளே கால் வைத்து மண்ணை இறுக்கிவிடுவார்கள். பாத்திகளுக்கு இடையே இரண்டடி வழி விட்டாலும் 40 அடிக்குள் எல்லாம் அடங்கும். மொத்தப் பயிர்ப்பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். குளிர்காலத்தில் அதற்கு நாளொன்றுக்கு இரண்டு வாளி நீர் போதுமானது. இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக் காட்டாமல் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் என்று தெரிந்த பிள்ளை, தில்லியின் ஆண்டுச் சராசரியான ஏறத்தாழ 770 மில்லிமீட்டரைக் கொண்டு பள்ளிக் கூரையில் எவ்வளவு விழுகிறது, அதில் எவ்வளவு சாக்கடைக்குப் போகிறது என்று தானே கணக்கிடும். சுவரில் ஒட்டும் ‘நீரைச் சேமிப்போம்’ வாசகங்களைவிட இது பயனுள்ளது.

தில்லியில் பள்ளிக்கு உகந்த பருவம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அக்டோபர் முதல் பாதியில் விதைத்தால் முள்ளங்கி நாற்பது ஐம்பது நாளில் பிடுங்க வரும்; வெந்தயக்கீரையை ஒரு மாதத்தில் கிள்ளலாம்; பாலக் ஒரு மாதம் கடந்ததும் முதல் அறுப்புக்கு வந்து, வேரை விட்டு அறுத்தால் பலமுறை தழைக்கும். பட்டாணிக்கும் கேரட்டுக்கும் மூன்று மாதம் ஆகும் என்பதால் அவற்றை இரண்டு பாத்திகளுக்கு மேல் வைக்க வேண்டாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு முதல் பலன் சீக்கிரம் தெரிய வேண்டும். ஜனவரி முதல் பாதியில் வரும் குளிர்கால விடுமுறை பயிரைப் பாதிக்காது, மூடுபனிக் காலத்தில் வாரம் ஒருமுறை நீர் விட்டாலே ஈரம் நிற்கும். விதையைத் தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விற்பனை மையத்தில் கேட்டுப் பாருங்கள். ‘பூசா’ என்று தொடங்கும் ரகங்கள் இவ்வூர் மண்ணையும் குளிரையும் கண்டு தேர்ந்தவை. பீகாரின் பூசாவில் இருந்த அந்நிறுவனம் 1934 நிலநடுக்கத்தில் சேதமடைந்து 1936-இல் தில்லிக்கு வந்ததையும், நம் எம்.எஸ். சுவாமிநாதன் 1966 முதல் அதன் இயக்குநராக இருந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அங்கே ஒருநாள் அழைத்துச் சென்றால் இன்னும் நல்லது.

இப்போது ஜூலை என்பதால் அக்டோபர் வரை சும்மா இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். ஐந்து பாத்திகளில் தக்கைப்பூண்டு விதையுங்கள். மழையிலேயே வளர்ந்து, நாற்பத்தைந்து நாளில், பூக்கும் முன், அதை மடக்கி மண்ணோடு கலந்துவிட்டால் அக்டோபருக்குள் மட்கிவிடும். தில்லி மண் பொதுவாகக் காரத்தன்மையும் குறைந்த கரிமச் சத்தும் உடையது, அதற்குப் பசுந்தாள் உரம் ஏற்ற மருந்து. மீதி இரண்டு பாத்திகளில் காராமணியும் கொத்தவரையும் போட்டால் செப்டம்பரில் காய் கிடைக்கும், பிள்ளைகளின் பொறுமையும் காக்கப்படும்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தாங்கள் இருப்பது யமுனைக் கரைப் பகுதி. பாத்தியை உயர்த்த ஒரு டெம்போ மண் கேட்டால் ஆற்றங்கரை மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிட வாய்ப்பு உண்டு. தில்லி வெள்ளப்படுகை நிலங்களில் உண்ணும் காய்கறி பயிரிடுவதை 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்ததற்குக் காரணம், கழிவுநீரோடு வந்த கன உலோகங்கள் பயிரில் ஏறுவதுதான். காரீயம், காட்மியம் போன்றவற்றைக் கீரை வகைகள் காய்களைவிட அதிகமாகவே இழுக்கும். எனவே வெளிமண் வேண்டாம். இருக்கும் மண்ணைப் பரிசோதித்துத் திருத்துவதே நல்லது. அரசின் மண்வள அட்டையின் பன்னிரண்டு அளவீடுகளில் கார அமில நிலை, உப்பு, சத்துகள் எல்லாம் வரும், காரீயம் வராது. அதைப் பரிசோதனைக்கூடத்தில் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். இன்னொரு ஆபத்து தங்கள் மதில் சுவர். வீட்டு வண்ணப்பூச்சுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய சுவரில் உரியும் செதில்கள் அடியிலுள்ள மண்ணிலேயே விழுந்து கிடக்கும். சுவரிலிருந்து மூன்றடி விட்டு அந்தப் பட்டையில் செண்டுமல்லி மட்டும் வையுங்கள். பரிசோதனை முடிவு வந்தபின் தேவையானால் மாற்றிக்கொள்ளலாம். கீரையை நன்றாக அலசாமல் யாரும் வாயில் போடக் கூடாது என்பதையும் முதல் நாளே விதியாக்கிவிடுங்கள்.

உரத்துக்கு மண்புழுத் தொட்டி வைக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். வெயில் 35 பாகையைத் தாண்டும்போது அந்தப் புழுக்கள் தவிக்கும். ஆளில்லாத மே மாதத்தில் இறந்தே போகும். அதைவிடப் பள்ளி வளாகத்திலேயே இலைக்குழி ஒன்று போடுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அரசமரமும் வேம்பும் கொட்டும் சருகுதான் தில்லியில் எளிதில் கிடைக்கும் செல்வம். அதைக் கொளுத்துவோருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று 2015-இலேயே பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டும் வளாகங்களின் பின்புறம் புகை எழுவதை இன்றும் காண்கிறோம். ஒரு மீட்டர் ஆழ, அகல, நீளமுள்ள குழியில் சருகை நனைத்து மிதித்து நிரப்பி, இடையிடையே சாணக்கரைசல் தெளித்து மூடிவிட்டால் கோடையில் அதற்கு யாரும் காவல் இருக்க வேண்டாம். மழைக்காலம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மார்ச்சில் நிரப்பிய குழி அக்டோபர் விதைப்புக்குச் சரியாகத் தயாராகும். இந்த முதல் ஆண்டுக்கு மட்டும் நன்கு மட்கிய தொழுவுரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் இறுதியில் பாத்திகளைக் காலி செய்து, ஒருமுறை நனைத்து, ஒரு சாண் கனத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்குப் போகட்டும். களையும் நூற்புழுவும் அதிகமாக இருந்தால், நனைத்த பாத்தியை ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் ஆறு வாரம் இறுக மூடி வைக்கும் முறை தில்லி வெயிலில் நன்றாக வேலை செய்யும்; பசுமைத் தோட்டத்தில் பிளாஸ்டிக்கா என்று பிள்ளைகள் கேட்டால், கேட்கட்டும், அந்த விவாதமும் வகுப்புக்குத் தகுந்ததே. என் விருப்பம் சருகுதான்.

பொறுப்பைக் கற்பிப்பது பற்றிய தங்கள் கேள்விக்கு என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. பல பள்ளிகளில் மாலி கொத்துகிறார், மாலி நீர் விடுகிறார், பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே பிள்ளைகள் கற்பது, மண்வேலை வேறு யாருடையதோ என்பதைத்தான். 1937 வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடங்களை அதனோடு பிணைக்க முயன்றதும் இந்தப் பிளவைக் கருதித்தான். தங்கள் மாலி உத்தரப் பிரதேசத்திலோ பீகாரிலோ விவசாயக் குடும்பத்தில் பிறந்தவராக இருக்கக்கூடும். அப்படியானால் குர்ப்பி எனும் களைக்கொத்தைப் பிடிக்கும் விதத்தையும் ஈரத்தை விரலால் அறிவதையும் அவரைவிட நன்றாகச் சொல்லித் தர ஆள் கிடைக்க மாட்டார். வாரம் ஒரு பாடவேளை அவரை ஆசிரியராக நிறுத்துங்கள், பிள்ளைகள் அவரை ‘ஜி’ சேர்த்து அழைக்கட்டும், அந்த நேரத்தில் வேறு வேலைக்கு அவரை அனுப்ப வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தலைமையாசிரியர் தயங்கினால், மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட பள்ளி ஊட்டச்சத்துத் தோட்ட வழிகாட்டுதல்களைக் காட்டலாம்.

ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பதிவேடு இருக்கட்டும்: விதைத்த தேதி, ஊற்றிய குவளைகள், கண்ட பூச்சி, எடுத்த எடை. ஒரே விதை போட்ட இரண்டு பாத்திகளில் ஒன்றுக்கு மூடாக்கு இட்டு மற்றொன்றை வெறுமையாக விட்டால், ஒரு மாதத்தில் குவளைக் கணக்கே பாடம் நடத்தும். செடியில் அசுவினிப் பூச்சி வந்தால் உடனே மருந்துக்கு ஓட வேண்டாம். பொறிவண்டு வருகிறதா என்று சில நாள் காத்திருந்து பதிவு செய்தபின், தேவையானால் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த நீர் போதும். வெந்தயம், பட்டாணி இரண்டிலும் சில செடிகளைப் பறிக்காமல் முற்றவிட்டு விதை எடுங்கள். அவை தன் மகரந்தச் சேர்க்கை உடையவை என்பதால் ரகம் மாறாது. வீரிய ஒட்டு விதை வாங்கினால் இது பலிக்காது. ஏப்ரலில் ஏழாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் அந்த விதைப் பொட்டலத்தையும் பதிவேட்டையும் புதிய ஆறாம் வகுப்பிடம் கையளிக்கட்டும்.

விளைச்சல் யாருக்கு என்பதையும் விதைக்கும் முன் முடிவு செய்துவிடுங்கள். தில்லியில் மதிய உணவு பெரும்பாலும் மையச் சமையற்கூடங்களிலிருந்து வண்டியில் வருவதால் பள்ளிக் கீரை அந்தப் பாத்திரத்துக்குள் போக வழியில்லை. முள்ளங்கியை அலசி நறுக்கி எலுமிச்சை பிழிந்து அன்றே தின்பதும், கீரையை முறை வைத்து வீட்டுக்கு அனுப்புவதும் நடைமுறைக்கு ஏற்றவை. மாலிக்கும் ஒரு பங்கு உண்டு.

நவம்பரில் காற்று கெட்டு, வெளி நடவடிக்கைகளுக்குத் தடை வரும் நாள்கள் உண்டு என்பதால் களையெடுப்பையும் நெருக்கமாக முளைத்த கேரட்டைக் கலைப்பதையும் அக்டோபருக்குள் முடிந்தவரை முடியுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீர்த்தொட்டியும் தொட்டித் தட்டுகளும் வாரம் ஒருமுறை கவிழ்க்கப்பட வேண்டும், ஏனெனில் டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாளே போதும். மாநகராட்சி ஊழியர்கள் பள்ளியிலும் வந்து பார்ப்பார்கள்.

முருங்கை வைக்கலாம், இந்த ஜூலையிலேயே வைக்கலாம். பாத்திகளின் மேல் நிழல் விழாதபடி வடக்கு ஓரத்தில், நடைபாதையிலிருந்து விலகி நடுங்கள். மே மாத ஆந்தியில் (புழுதிப்புயலில்) அதன் கிளைகள் எளிதில் முறியும். முதல் குளிர்காலத்தில் இளஞ்செடியைச் சாக்கால் சுற்றிவிடுங்கள், இலை உதிர்ந்தாலும் பிடுங்கிவிட வேண்டாம், பிப்ரவரி இறுதியில் துளிர்க்கும். ஆண்டுதோறும் நெஞ்சளவுக்கு வெட்டிவிட்டால் பிள்ளைகள் ஏறாமலே கீரை பறிக்க முடியும். காய்க்கு ஆசைப்பட்டு உயரவிட்டால் பறிக்க மாலிதான் ஏற வேண்டியிருக்கும், அது பாதுகாப்பானதன்று. கறிவேப்பிலையும் இதே போல முதல் குளிரைத் தாண்டினால் நிலைத்துவிடும். இவ்விரண்டுக்கும் மே, ஜூனில் வாரம் இருமுறை ஒரு வாளி நீர் தேவை. விடுமுறையில் மாலி எந்தெந்தக் கிழமை வருகிறார் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.