கலிமா சொல்லாமல் போன ஆச்சிக்கு துஆ கேட்கலாமா?

கேள்வி: வாப்பா இளவயதில் இஸ்லாத்துக்கு வந்தவர். அவரைப் பெற்ற ஆச்சி கடைசிவரை கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்லாமல், சுடலைமாடனுக்குக் கொடை கொடுத்தே வாழ்ந்தாள். என்னை வளர்த்தது அவள்தான். போன வாரம் தவறிவிட்டாள். கூட்டாளி ஒருவன் “அவள் நரகவாதி, அழாதே” என்கிறான். இன்னொருவர் குர்ஆனின் 2:62 வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நல்லவர் எல்லோருக்கும் சொர்க்கம்தான் என்கிறார். இரண்டு ஹஜ்ரத்மாரிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கேட்டேன். இருவரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஆச்சிக்கு துஆ (இறைவனிடம் வேண்டுதல்) கேட்கலாமா? பேரன் பந்தம் பிடிக்க மறுத்துவிட்டேன் என்று சித்தப்பா பேசுவதில்லை. பதினாறாம் நாளுக்குப் போகலாமா?
– ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி. அழுகை வந்தால் அழுங்கள். நபி (ஸல்) தம் தாயாரின் கப்ருக்கு (அடக்கத்தலத்துக்கு) போய் அழுதார்கள், சுற்றி நின்றவர்களையும் அழவைத்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தாய் நபித்துவம் வருவதற்கு முன்பே இறந்தவர். உங்கள் கூட்டாளி இதைப் படித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

உங்களைத் தேற்றுவதற்காக அகீதாவை (நம்பிக்கைக் கொள்கையை) மழுப்ப எனக்கு மனமில்லை. இணைவைத்தலை (அல்லாஹ்வோடு வேறொன்றையும் வணங்குவதை) அல்லாஹ் மன்னிப்பதில்லை என்கிறது குர்ஆன் 4:48. இஸ்லாம் அல்லாத மார்க்கம் ஏற்கப்படாது என்கிறது 3:85. 2:62 வசனம் நம்பிக்கையாளர், யூதர், கிறிஸ்தவர், ஸாபியீன்கள் (அக்கால மதப் பிரிவினர் ஒருவர்) ஆகியோரில் அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பி நற்செயல் செய்தவர்களுக்குக் கூலி உண்டு என்பது. முஹம்மது நபி வருமுன் தத்தம் நபியைப் பின்பற்றியவர்களைப் பற்றியது அது என்பதே பெரும்பாலான விரிவுரையாளர்களின் கருத்து. விரித்துப் பொருள் சொன்னவர்களும் உண்டு. ஆனால் மற்ற வசனங்களை மறைத்து இதை மட்டும் உருவி அனுப்புவது முறையல்ல.

பொது விதி அது. தனி ஒருவர் மீதான தீர்ப்பு வேறு. இஸ்லாத்தை ஏற்காமல் இறந்தவர் என்பதால் ஜனாஸா தொழுகை (இறந்தவருக்கான தொழுகை) இல்லை, முஸ்லிம்களின் கப்ருஸ்தானில் அடக்கம் இல்லை. இவை கண்ணுக்குத் தெரிவதை வைத்துச் செய்யும் உலகச் சட்டங்கள். மறுமைக் கணக்கு அல்லாஹ்வுடையது. நபியை எதிர்த்த அபூலஹபைப் போல வஹீயே (இறைச்செய்தியே) பெயர் சொல்லிவிட்டவர் வேறு. மற்ற யாரைச் சுட்டியும் ‘நரகவாதி’ என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? “தூதரை அனுப்பாதவரை நாம் வேதனை செய்வதில்லை” என்று 17:15 சொல்லும்போது, தூது எட்டியதா, எப்படி எட்டியது என்ற கேள்வி வந்தே தீரும்.

அந்தக் கேள்வியை மிக நுணுக்கமாகப் பிரித்தவர் 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’ என்ற நூலில் அவர் மூன்று வகை சொல்கிறார். நபியின் பெயரே காதில் விழாதவர்கள் ஒரு வகை, இவர்கள் மன்னிக்கப்படுபவர்கள். நபியின் பெயரும் குணமும் அத்தாட்சிகளும் சரியாகத் தெரிந்தும் மறுத்தவர்கள் இரண்டாம் வகை. குற்றம் இவர்கள் மீதுதான். பெயர் கேட்டும், சிறுவயது முதலே பொய்யும் திரிபுமாகவே கேட்டு வளர்ந்தவர்கள் மூன்றாம் வகை. இவர்களையும் முதல் வகையோடு சேர்க்கிறார் கஸ்ஸாலி: திரித்துச் சொன்னது தேடத் தூண்டாது என்பது அவர் காரணம்.

உங்கள் ஆச்சி தினமும் பாங்கு கேட்டிருப்பாள், மகன் தொழுததைப் பார்த்திருப்பாள். முதல் வகை என்று சொல்ல முடியாது. ஆனால் அவளிடம் மார்க்கத்தை யார் சொன்னார்கள், எதைச் சொன்னார்கள்? 1981-இல் உங்கள் பக்கத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்தைத் தழுவியபோது ஊருக்கு ஊர் என்னென்ன பேச்சு கிளம்பியது என்று உங்கள் வாப்பாவைக் கேட்டுப் பாருங்கள். அவள் உள்ளத்துக்கு எட்டியது மார்க்கமா, அந்தப் பேச்சா? அல்லாஹ் அறிவான். கூட்டாளிக்கும் தெரியாது, வாட்ஸ்அப்காரருக்கும் தெரியாது.

ஹஜ்ரத்மார் இருவர் சொன்னதும் ஒத்துவராததற்குக் காரணம் இருக்கலாம். ஷாஃபி மத்ஹபினர் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்ட வழி) நம்பிக்கைக் கொள்கையில் பெரும்பாலும் அஷ்அரி வழி: தூது எட்டாதவர் மீது கடமையே இல்லை. இன்னொரு மத்ஹபான ஹனஃபிகள் பெரும்பாலும் மாத்துரீதி வழி: படைத்தவன் ஒருவன் உண்டு என்று அறிய அறிவே போதும், தூது வராவிட்டாலும் அதற்குப் பொறுப்பு உண்டு என்பார்கள் அவர்களில் பலர். ஷாஃபிகள் மிகுந்த காயல்பட்டினத்தில் ஓதியவரும் வேறு மதரஸாவில் ஓதியவரும் இங்கே பிரிவது இயல்பு. அடுத்த முறை எந்த மத்ஹபின்படி சொல்கிறார் என்று சேர்த்தே கேளுங்கள்.

துஆ விஷயத்தில் கருத்து வேறுபாடு அவ்வளவு இல்லை. இணைவைத்த நிலையில் இறந்தவருக்குப் பாவமன்னிப்புக் கேட்பதை 9:113 தடுக்கிறது. நபி (ஸல்) தாயாருக்கு மன்னிப்புக் கேட்க அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. கப்ரைப் பார்க்க அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. (இதை வைத்து நபியின் பெற்றோரைப் பற்றிப் பேசிவிடாதீர்கள், அவர்கள் ஈடேற்றம் பெற்றவர்கள் என்று இமாம் சுயூத்தி தனி நூல்களே எழுதினார்.) எனவே ஆச்சிக்காக யாஸீன் அத்தியாயம் ஓதி ஹதியா செய்வது (அதன் நன்மையை அவளுக்குச் சேர்ப்பது), ஃபாத்திஹா ஓதுவது வேண்டாம். மனம் கேட்கவில்லையென்றால் 5:118-ஐ ஓதுங்கள்: “நீ அவர்களை வேதனை செய்தால் அவர்கள் உன் அடியார்கள், நீ மன்னித்தால் நீயே மிகைத்தவன், ஞானமிக்கவன்.” நபி (ஸல்) ஓர் இரவு முழுக்கத் தொழுகையில் இதையே திரும்பத் திரும்ப ஓதினார்கள். கோரிக்கை வைக்காமல் பொறுப்பை அவனிடம் ஒப்படைக்கிற வசனம் அது.

உங்களுக்கு ஆறுதல் சொல்பவர்கள் “அஃளமல்லாஹு அஜ்ரக வஅஹ்ஸன அஸாஅக” என்று சொல்லலாம்: அல்லாஹ் உங்கள் கூலியைப் பெரிதாக்கி, நல்ல ஆறுதல் தரட்டும். வழக்கமாக அதன்பின் வரும் “வஃகஃபர லிமய்யிதிக” (இறந்தவரை மன்னிக்கட்டும்) என்ற பகுதியை மட்டும் விட்டுவிட வேண்டும். ஷாஃபி மத்ஹப் அறிஞர் இமாம் நவவி சொல்லித்தரும் முறை இது.

பந்தம் பிடிக்காதது சரி. கொள்ளி, வாய்க்கரிசி, எள்ளும் தண்ணீரும் எல்லாம் வழிபாட்டோடு சேர்ந்தவை. ஆனால் உடன் போவதில் தடையில்லை. இஸ்லாத்தை ஏற்காத, நபியின் பெரிய தந்தை அபூதாலிப் இறந்தபோது, “போய் உங்கள் தந்தையை அடக்கம் செய்யுங்கள்” என்று அவர் மகன் அலீ (ரலி) அவர்களை நபி அனுப்பினார்கள் என்று அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. இஸ்லாத்தில் இல்லாத உறவினரின் இறுதி ஊர்வலத்தில் போகலாம் என்பதே ஷாஃபி மத்ஹபின் நிலை.

சித்தப்பாவை இன்றைக்கே நேரில் பாருங்கள், ஆள் அனுப்பாதீர்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “சித்தப்பா, ஆச்சி மேல பாசம் இல்லாம நான் நிக்கல. பூசை எனக்கு ஆகாது; மத்த வேலை எல்லாம் என்கிட்ட குடுங்க.” பந்தல், நாற்காலி வாடகை, அரிசி, காய்கறி என்று உங்களால் முடிந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள், பூசைச் சாமான் செலவு அவர்களோடு இருக்கட்டும். ஆச்சி யாரிடமாவது கைமாற்று வாங்கியிருந்தால் விசாரித்து அடைத்துவிடுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த நேரமாகப் போங்கள். படையலில் வைத்ததைச் சாப்பிடக்கூடாது. படைக்காத சைவச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. வீட்டுப் பெண்கள் யாரிடமாவது முந்தின நாளே சொல்லித் தனியாக எடுத்துவைக்கச் சொன்னால், இலையில் உட்கார்ந்த பிறகு மறுக்க வேண்டி வராது.