அக்காவிடம் கேளுங்கள்: கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்ன படிப்பு?

கேள்வி: அக்கா, கலைப்பீடத்துக்குக் கிடைத்திருக்கிறது. சமூகவியல் செய்ய ஆசை. மாமா, “அதைப் படிச்சு என்ன வேலை செய்யப்போற?” என்கிறார். சமூகவியலும் மானிடவியலும் ஒன்றுதானா? - வாசகி, பொகவந்தலாவை

பதில்: மாமாவோடு சண்டைக்குப் போகாதே தங்கச்சி, அவர் கேட்பது நியாயம். ‘சமூகவியலாளர் தேவை’ என்று பேப்பரில் விளம்பரம் வந்து நான் பார்த்ததில்லை. என்னோடு படித்தவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக, ஆசிரியராக, தொண்டு நிறுவனத்தில், பத்திரிகையில் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள், அதுவும் நியமனத்துக்காகச் சில வருடம் வீட்டில் இருந்த பிறகு. முதல் வருடத்தில் வேறு பாடங்களும் எடுக்க வேண்டியிருக்கும், அதில் புவியியலோ பொருளியலோ ஒன்றைக் கையில் வைத்துக்கொள்.

இரண்டும் ஒன்றா என்றால், பக்கத்து வீடுகள் என்று வை. சமூகவியல் பக்கம் துர்கைம் 1897இல் தற்கொலையைப் பற்றி எழுதினார், தனி மனிதனின் மனக்கஷ்டம் என்று எல்லோரும் நினைத்ததை நாடு, மதம், குடும்ப நிலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். மானிடவியல் பக்கம் மலினோவ்ஸ்கி முதலாம் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கில் ட்ரோப்ரியாண்ட் தீவில் கூடாரம் அடித்து, அந்த மக்களின் பேச்சைப் படித்து, அவர்களோடேயே கிடந்தார். நம் நாட்டில் இந்த வேலி அவ்வளவு உயரமில்லை. 1929இல் இலங்கையில் பிறந்த தம்பையா சமூகவியல் படித்து, பேராதனையில் படிப்பித்து, பிறகு ஹார்வர்டில் மானிடவியல் பேராசிரியராக இருந்தவர்.

இன்னும் விளங்கவில்லையா? சரி, ஒருநாள் பின்னேரம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் போய் நில். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், யார் அதைத் தட்டிக் கேட்கிறார், யார் தலையைக் குனிந்துகொண்டு போகிறார் என்று பார். கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிநாள் கூலிதான். ஒரு மாதத்தில் எத்தனை அரைப்பேர் விழுந்தது, வயதானவர்களுக்கா, கைப்பிள்ளைக்காரிகளுக்கா என்று எண்ணிப் பார்த்தால் அது சமூகவியல் பக்கம். ஒருநாள் கூலிக்கு நம் ஆட்கள் ஏன் ‘பேர்’ என்று சொல்கிறார்கள், அது பாதியாகும்போது அந்த அம்மாவுக்கு என்ன தோன்றுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அது மானிடவியல். இரண்டுக்கும் கால்கடுக்க நிற்க வேண்டும், அதில் வித்தியாசம் இல்லை.

கேள்வி: ஆய்வேட்டுக்கு எங்கள் தோட்டத்தையே எடுக்கலாமா? மேற்பார்வை செய்கிற விரிவுரையாளர் வேறு இடம் பார்க்கச் சொல்கிறார். - வாசகர், மஸ்கெலியா

பதில்: நான் எங்கள் டிவிஷனைத்தான் எடுத்தேன். முதல் வீடே சித்தி வீடு. “குடும்பத்தில் எத்தனை பேர்?” என்று வினாக்கொத்தைப் பார்த்து வாசித்தேன். “ஏன்டி, இங்கதானே வளர்ந்த, எண்ணத் தெரியாதா?” என்று சித்தி சிரித்த சிரிப்பு அடுத்த காம்பராவுக்கே கேட்டது. அதுகூடப் பரவாயில்லை. நான் கணக்கப்பிள்ளை மகள், அப்பா தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவர், சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் “குறையில்லை” என்றார்கள், நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். சாதியைப் பற்றி ஒரு கேள்விகூட வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டது. எந்தக் குடும்பம் எந்த வீட்டில் தண்ணீர் குடிக்காது என்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும், ஆனால் ஆய்வேட்டில் அது ஒரு வரி இல்லை.

அதனால் விரிவுரையாளர் சொல்வதில் பாதியைக் கேளுங்கள். தூரமாகப் போக வேண்டாம், சொந்தக்காரர் இல்லாத பக்கத்துத் தோட்டம் போதும். தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாமல் இருந்த நம் இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று எழுதிவைத்தது. உங்கள் பக்கத்தில் அண்ணன் கப்பலேற, தம்பி நின்றுபோன குடும்பம் ஒன்றாவது இருக்கும். அந்தத் தம்பிமாருக்கு இப்போது வயது போய்விட்டது, இந்த விடுமுறைக்கே போய்ப் பேசுங்கள்.

கேள்வி: எனக்கு இங்கிலிஷ் மட்டம். தமிழ்மொழி மூலம் படித்தால் சமாளிக்கலாமா? - வாசகி, பண்டாரவளை

பதில்: பரீட்சை தமிழில் எழுதலாம், ஆனால் வாசிக்கத் தரும் புத்தகம் பெரும்பாலும் இங்கிலிஷில்தான் இருக்கும். நாளுக்கு இரண்டு பக்கம், அகராதியோடு. முதல் மாதம் அழுகை வரும், எனக்கு இரண்டு மாதம் வந்தது.