செடிகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்தால் நோய் எதிர்ப்பு கூடுமா? செடியே அதைச் சுரக்கிறதாமே?

சுரக்கிறது என்பது உண்மை. ஆகவே நாமும் தெளிக்கலாம் என்பதுதான் இடிக்கிறது. மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கிறீர்கள், ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கையில் பாட்டிலோடு நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பூஞ்சணம் இலைக்குள் நுழையப் பார்த்தால், செல் சவ்வில் உள்ள ஒரு நொதி சில நிமிடங்களிலேயே ஆக்சிஜனைச் சூப்பர் ஆக்சைடு என்னும் வீரியமான வடிவமாக மாற்றத் தொடங்குகிறது. அது பெராக்சைடாகிச் செல் சுவரை இறுக்குகிறது, பக்கத்துச் செல்களை உஷார்படுத்துகிறது, தாக்கப்பட்ட செல்லின் சாவுக்கும் வழிசெய்கிறது. உயிருள்ள செல்லை நம்பி வந்த கிருமி அங்கேயே பட்டினி. 1983-இல் ஜப்பானிய ஆய்வாளர் டோக்கே உருளைக்கிழங்கில் இந்தச் சூப்பர் ஆக்சைடு உற்பத்தியைக் காட்டினார்.

மேலூர்ப் பக்கம் என் மாமாவின் வயலில் இதைக் கண்ணால் பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் குலை நோய், அதாவது நெல்லைத் தாக்கும் ஒரு பூஞ்சண நோய். பக்கத்து வயல் நெல்லில் கண் வடிவப் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம். மாமா போட்டிருந்தது வேறு ரகம். அதில் குண்டூசித் தலை அளவுப் பழுப்புப் புள்ளிகள் மட்டுமே. கடைக்காரர் அதற்கும் மூன்று மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். “மாப்பிள்ளை, நீ படித்த படிப்புக்கு இது என்னவென்று சொல், பார்ப்போம்” என்றார் மாமா. பூ கட்டத் தெரியுமா என்று கேட்டே என் தாவரவியல் பட்டத்தைக் கேலி செய்தவர் அவர். விடுவேனா?

இலைகளை வெட்டி அன்றே கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், டயமினோபென்சிடின் கரைசலில் இருட்டில் நிற்கவைத்தேன். பெராக்சைடு இருக்கும் இடத்தில் அது பழுப்பாகும். பிறகு பச்சையத்தை நீக்க எத்தனாலில் கொதிக்கவைக்க வேண்டும். அந்த எத்தனால் பூட்டிய அலமாரியில்! தெருவுக்குத் தெரு மதுக்கடை இருக்கிற நாட்டில், இலை வேகவைக்க நூறு மில்லி கேட்டவனைக் கையெழுத்துக்காக மேசை மேசையாக அலையவிட்டார்கள். நினைத்தால் இன்றும் எரிகிறது. கடைசியில் கிடைத்தது. வெளுத்த இலையை நுண்ணோக்கியில் வைத்தால், புதிய புள்ளிகளைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம். மற்ற இடமெல்லாம் வெள்ளை. பூஞ்சணம் நுழையப் பார்த்த இடத்தில் மட்டும் செடியே பெராக்சைடு சுரந்து தடுத்திருக்கிறது. மாமா மருந்து அடிக்கவில்லை. புள்ளிகள் பெரிதாகவும் இல்லை.

மருந்தே வேண்டாம் என்கிறானே என்று சண்டைக்கு வராதீர்கள். நெல்லுக்கு வரும் இன்னொரு நோயான செம்புள்ளி நோயும் தொடக்கத்தில் சிறு புள்ளிதான். பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலை வரும் என்று தெரிந்தால் நானே அடிக்கச் சொல்வேன்.

செடி பெராக்சைடை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் சுரக்கிறது. மிஞ்சியதைத் தானே உடைத்தும் விடுகிறது. நீங்கள் தெளிப்பது இலை முழுக்கப் படும். சாம்பல் பூஞ்சணம் (போட்ரைடிஸ்) போன்றவை செத்த திசுவைத் தின்பவை. செல்கள் செத்தால் அவற்றுக்கு விருந்து. மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீதப் பாட்டிலை அப்படியே தெளித்தால் இளந்தளிர் கருகக்கூடும். வாங்கியாகிவிட்டதென்றால், கத்தரிக்கோலைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.