கேட்டு வாங்குவோம்: காட்டுப்பாதைக்கு எந்த ஏடிவி?

போன மாதம் ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர மோட்டார் வண்டி) வாங்குவதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. அதனால் இந்த வாரம் முழுக்க நான்கு சக்கர வண்டிதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கேட்டதை மாற்றவில்லை.

நாங்கள் மூன்று நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உலு லங்காட் பக்கம் வாடகை ஏடிவி ஓட்டுகிறோம். ஆற்றோரக் கல், செம்மண் மேடு, சில இடங்களில் பாறை ஏற்றம். சொந்தமாக வாங்க ஆசை. பழைய வண்டிகள் மூன்று பார்த்து வைத்திருக்கிறோம்: யமஹா கிரிஸ்லி 700, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570, ஹோண்டா ராஞ்சர் 420. மூன்றும் 4x4, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும். 700 சிசிதான் பலம் என்கிறார் விற்பவர். எதை வாங்கலாம்? (காஜாங் வாசகர்)

பாறை ஏறும்போது வண்டி நடை வேகத்தில்தான் போகும். அந்த வேகத்தில் 700 சிசியின் பாதி பலம்கூடத் தேவைப்படாது. விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி எவ்வளவு? மெதுவாக, பலமாக இழுக்கும் லோ கியர் உண்டா? முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து இழுக்குமா, அல்லது வழுக்குகிற ஒன்று மட்டும் சுழலுமா? இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துமா?

கிரிஸ்லி 700க்கு இந்த நான்கிலும் நல்ல பதில் இருக்கிறது. அடி இடைவெளி 11 அங்குலத்துக்கு மேல். பின் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். ஹை, லோ இரண்டும் உண்டு. பொத்தானை அழுத்தினால் இரு சக்கரம், நான்கு சக்கரம், டிஃப் லாக் (முன் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது) என்று மாறிக்கொள்ளலாம். லாக் போட்டால் முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்கும். பாறைக்கு அதுதான் வேண்டும். ஆனால் லாக்கில் ஹேண்டில் கனத்துப்போகும், ஏறி முடித்ததும் எடுத்துவிட வேண்டும். இந்த வண்டி பல்சக்கர கியருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடினாலும், எஞ்சின் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். செங்குத்தான செம்மண் இறக்கத்தில் மழை பெய்திருந்தால் அதன் அருமை தெரியும்.

ஸ்போர்ட்ஸ்மேன் 570 (சரியாகச் சொன்னால் 567 சிசி) உட்கார சுகமான வண்டி. அடி இடைவெளி ஏறத்தாழ கிரிஸ்லி அளவுதான், பின்பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன். முன் சக்கரங்கள் மட்டும் வேறு விதமாக வேலை செய்கின்றன. பின் சக்கரம் வழுக்கத் தொடங்கினால்தான் முன்னவை தானாகப் பிடித்து இழுக்கும். சேற்றுப் பாதையில் ஓட்டுநருக்கு ஒரு வேலை மிச்சம். பாறையில் அந்தச் சிறு வழுக்கல் முதலில் நடந்தாக வேண்டும் என்பது எனக்குப் பிடிக்காது, பலர் பழகிக்கொள்கிறார்கள். இறக்கத்துக்கான எஞ்சின் பிரேக் வசதி மாடலுக்கு மாடல் வேறுபடும். நீங்கள் பார்த்த வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ராஞ்சர் 420இல் பெல்ட்டே இல்லை, பல்சக்கர கியர்தான். தண்ணீர் புகுந்து வழுக்க எதுவும் கிடையாது. நான் பார்த்தவரை அதிகம் தொல்லை கொடுக்காத வண்டி இதுதான். ஆனால் உங்கள் பாதைக்கு ஒரு தடை உண்டு. சாதாரண ராஞ்சரில் பின்பக்கம் ஒரே நேர் அச்சு. அதன் நடுப்பகுதி தரையிலிருந்து ஏழு அங்குலம்கூட இருக்காது. ஆற்றுக்கல் அங்கேதான் தட்டும். முன்பக்கம் முழு லாக்கும் கிடையாது.

ஆற்றோரமும் பாறையும்தான் உங்கள் ஞாயிறு என்றால் கிரிஸ்லி. ஆனால் அது எரிபொருளோடு 300 கிலோவைத் தாண்டும். சாய்ந்தால் மூவர் சேர்ந்துதான் நிமிர்த்த வேண்டும், மேல் விழுந்தால் எலும்பு தாங்காது. தனியாகப் போகாதீர்கள். இன்னொன்று: நிரந்தர வனப் பகுதிக்குள் நுழைய வன இலாகாவின் அனுமதி வேண்டும். எல்லாரும் போகிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

புதிய வண்டி, 4x4, 500 சிசிக்கு மேல், 8,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) எது நல்லது? (செந்தூல்)

அப்படி ஒன்று இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் பணப்பையைத் திறக்காதீர்கள்.

மகனுக்கு 12 வயது. தேர்வில் நல்ல புள்ளி. 400 சிசி ஏடிவி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். பாதுகாப்புக்கு என்ன செய்யலாம்? (பூச்சோங்)

வாக்கை மீறுங்கள். இந்த அளவு வண்டிகளின் உடம்பிலேயே 16 வயதுக்குக் கீழே ஓட்டக்கூடாது என்று எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. இவ்வளவு கனமான வண்டியைச் சாய்வில் சமன் செய்வது ஓட்டுபவரின் உடல் எடைதான். 40 கிலோ பிள்ளையால் அது முடியாது. தலைக்கவசம் வாங்கிக் கொடுத்தாலும் முடியாது.

பாலிக் புலாவில் அப்பாவுக்கு டுரியான் தோட்டம். மேடான நிலம். அவருக்கு 62 வயது, மோட்டார் சைக்கிளில் கூடை ஏற்றி இறங்குவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஏடிவி வாங்கினால் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் சாலையில் ஓட்டித் தோட்டத்துக்குப் போகலாமா? (பினாங்கு வாசகி)

சாலையில் ஓட்டக்கூடாது. ஏடிவிக்குச் சாலைப் பதிவு கிடையாது; பொதுச் சாலையில் ஓட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடிக்கும், விபத்தானால் காப்புறுதியும் கை கொடுக்காது. வண்டியைத் தோட்டத்திலேயே பூட்டி வைக்க ஒரு கொட்டகை போடுங்கள். அப்பா வழக்கம்போல மோட்டாரில் போய் அங்கே மாறிக்கொள்ளட்டும்.

காஜாங் நண்பர்களுக்கு வேண்டாம் என்ற ராஞ்சர்தான் உங்கள் அப்பாவுக்குச் சரி. தோட்டப் பாதையில் பாறை குறைவு, மழை அதிகம், சுமை உண்டு. கியர் வண்டி இறக்கத்தில் எஞ்சினாலேயே மெல்ல இறங்கும். கைப்பொத்தானில் கியர் மாற்றுகிற மாடல் கிடைத்தால் முட்டிக்கும் நல்லது. சுமைக்குக் கணக்கு உண்டு: முன் தட்டில் 30 கிலோ, பின் தட்டில் 60 கிலோ. டுரியான் கூடையைப் பின்னால் உயரமாக அடுக்கிக்கொண்டு மேடேறினால் முன்பக்கம் தூக்கிவிடும். அதிகச் சுமைக்குத் தாழ்வான சிறு இழுவண்டி மாட்டிக்கொள்ளுங்கள். சாய்வில் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி நேராக இறங்கச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அவரையும் கடைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துப் பாருங்கள். ஓட்டப்போவது அவர்.

மனைவியைப் பின்னால் உட்கார வைத்துப் போகலாமா? வண்டியின் இருக்கை நீளமாகத்தான் இருக்கிறது. (ராவாங்)

ஒருவருக்கான வண்டியில் கூடாது. இருக்கை நீளம் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்காக. இருவர் போக வேண்டுமானால் அதற்கென்றே முன், பின் சக்கரங்களுக்கு இடையே நீளம் கூட்டிச் செய்த மாடல்கள் உண்டு.

ஆறு மாதத்தில் மூன்று பெல்ட் போய்விட்டது. ஒருமுறைகூட லோ கியர் போட்டதில்லை, ஹையிலேயே எல்லா மேடும் ஏறிவிடும். கையேடு எங்கே என்று தெரியவில்லை. கடைக்காரர் வாரண்டியில் மாற்றித் தர மறுக்கிறார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகட்டுமா? (கிள்ளான்)

எதற்கு? உங்கள் கடிதத்திலேயே தீர்ப்பு இருக்கிறது. ஹை கியரில் மெதுவாக மேடேறினால் பெல்ட் இறுகப் பிடிக்காமல் வழுக்கிச் சூடாகிக் கருகும். ஒருவர் மெல்ல ஓடுகிற வேகத்துக்குக் கீழே போனாலும், மேடு ஏறினாலும், எதையாவது இழுத்தாலும் லோ கியர் போட வேண்டும். முதல் பெல்ட் கருகிய வாசனை வந்தபோதே ஏன் என்று கேட்டிருந்தால் இரண்டு பெல்ட் காசு மிஞ்சியிருக்கும். கையேட்டைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

ஷா ஆலாம் பக்கம் ஒரு கடையில் "4x4" என்று உடம்பில் எழுதியிருந்த புதிய வண்டியை 14,500 வெள்ளிக்கு வாங்கினேன். ரசீதிலும் 4x4 என்றே போட்டிருக்கிறது. முதல் சேற்றிலேயே பின் சக்கரம் மட்டும் சுழன்றது. பட்டறையில் தூக்கிப் பார்த்தால் முன் சக்கரத்துக்கு எந்தத் தண்டும் போகவில்லை. கடைக்காரர் சுவரில் ஒட்டியிருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அறிவிப்பைக் காட்டுகிறார். மூன்று வருடம் சேர்த்த பணம், ஐயா. (சுபாங் ஜெயா)

தம்பி, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் அதைப் பற்றிச் சொன்ன வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும். 4x4 என்று ரசீதில் எழுதி இரு சக்கர இழுவை வண்டியைக் கொடுத்தால் அது ஒத்துப்போகவில்லை. சுவர் அறிவிப்பால் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. ஆனால் தாமதிக்காதீர்கள். பொருளை நிராகரிக்கும் உரிமை நியாயமான காலத்துக்குள் செலுத்த வேண்டியது. இன்றே எழுத்தில் கொடுங்கள்: பொருளை நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள். வண்டியை அதன்பின் ஓட்டாதீர்கள். பட்டறைக்காரரிடம் ஒரு கடிதமும், அடிப்பகுதியின் படங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். கடைக்காரருக்கு இது தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் சுவரைக் காட்டுகிறார்.

இந்த இடத்தில் பல வருடமாக என் மனத்தில் கிடக்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏடிவி விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். எத்தனை சிசி, எத்தனை எல்இடி விளக்கு, ஒலிபெருக்கி உண்டா, சக்கர வளையம் என்ன நிறம், எல்லாம் இருக்கும். முன் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் பலத்தைப் பகிரும் பெட்டி) எந்த வகை, லோ கியர் உண்டா, அச்சு உறை கிழிந்தால் புதியது எத்தனை நாளில் கிடைக்கும், இவை இருக்காது. வாங்குபவரும் கேட்பதில்லை. நான் ஒருமுறை கேட்காமல் வாங்கினேன். பேர் தெரியாத ஒரு வண்டி, விலை சகாயம், விளக்கு பளபளப்பு. நான்காம் மாதம் முன் அச்சின் ரப்பர் உறை கிழிந்தது. கையகல ரப்பர். அது வந்து சேர ஏழு மாதம். அதற்குள் மணல் புகுந்து மூட்டே தேய்ந்துபோனது, செலவு பத்து மடங்கானது. பொருளை விற்பவர் உதிரிபாகமும் பழுது பார்க்கும் வசதியும் நியாயமான அளவில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கிடைக்காது என்று வாங்கும்போதே சொல்லியிருந்தால் மட்டும் விலக்கு. எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று அந்தச் சட்டப் பிரிவு எனக்குத் தெரிந்திருந்தால் ஏழு மாதம் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன்.

வாங்கும் முன் குனிந்து பாருங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புப் பெட்டி, அதிலிருந்து இருபுறமும் ரப்பர் உறை போட்ட தண்டுகள் போக வேண்டும். அவை இல்லையென்றால் உடம்பில் என்ன எழுதியிருந்தாலும் அது 4x4 அல்ல.

பழைய ஏடிவியில் எதைப் பார்க்க வேண்டும்? ஸ்நோர்கல் (தண்ணீருக்கு மேலே காற்றை இழுக்கும் குழாய்) பொருத்திய வண்டி ஒன்று மலிவாக வருகிறது. (ஜார்ஜ் டவுன்)

ஸ்நோர்கல் இருந்தால் அந்த வண்டி ஆழத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்றை நானும் வாங்கி எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தது. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். முன், பின் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது. அடித்தகடு நெளிந்திருக்கிறதா, சட்டத்தில் புதிய வெல்டிங் உண்டா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கடையில் வாங்காமல் தனி ஆளிடம் வாங்கினால் நடுவர் மன்றம் உங்களுக்கு உதவாது. அந்தச் சட்டம் வியாபாரிகளுக்குத்தான்.

டயர் காற்றைக் குறைத்தால் பாறையில் நன்றாகப் பிடிக்குமாமே? (காஜாங்)

பிடிக்கும். ஆனால் ஏடிவி டயரில் இருப்பதே 4 முதல் 7 பிஎஸ்ஐதான், குறைக்க அதிக இடமில்லை. கார் அளவுமானி இவ்வளவு குறைவான அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்று விற்கும் மானியை வாங்குங்கள். மிகக் குறைத்தால் டயர் வளையத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

சமூக வலைத்தளத்தில் ஒரு ஏடிவி பார்த்தேன். கணவர் பிறந்தநாளுக்கு. முன்பணம் 3,500 வெள்ளி நேற்று அனுப்பினேன். இன்று அந்தப் பக்கமே இல்லை, எண்ணும் எடுக்கவில்லை. அவரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (புக்கிட் மெர்தாஜாம்)

அம்மா, வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. அன்பால் செய்த காரியத்தை ஒருவன் பயன்படுத்திக்கொண்டான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

பணம் போன உடனே 997க்கு அழைக்க வேண்டும். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும் முன் முடக்கப் பார்ப்பார்கள், அதனால் மணிக்கணக்கு முக்கியம். அடுத்து உங்கள் வங்கி, பிறகு காவல் நிலையத்தில் புகார். விளம்பரத்தின் படம், உரையாடல், பணம் அனுப்பிய சீட்டு மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணம் அனுப்பும் முன் அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்த்தால், ஏற்கெனவே புகார் உள்ள எண் என்றால் காட்டிவிடும்.

கணவரிடம் இன்றே சொல்லுங்கள். காவல் நிலையத்துக்குக் கூட வர ஒருவர் வேண்டும். வங்கி என்ன பதில் சொல்கிறது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.