ஓட்டில்லாத யானைக்கு யார் கை தூக்குவார்கள்?

கேள்வி: ஓர் அமெரிக்க எம்.பி.யின் தொகுதியில் யானையும் இல்லை, காண்டாமிருகமும் இல்லை. அந்நிய நாட்டு விலங்குகளுக்காக அவர் ஏன் ஓட்டுப் போட வேண்டும்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: தபால் கவுண்டரில் 34 வருஷம் உட்கார்ந்தவனிடம் கேட்டுவிட்டீர்கள். தபால்தலையில்தான் ஆரம்பிப்பேன்.

என் ஆல்பத்தில் ஓர் அமெரிக்கப் புலிக்குட்டி இருக்கிறது. 2011 செப்டம்பரில் வெளியான தலை. அப்போது அங்கே சாதாரணக் கடிதத்துக்கு 44 சென்ட். இந்தத் தலையின் விலை 55. கூடுதலாக வரும் காசு, செலவு போக, ஆப்பிரிக்க யானை, ஆசிய யானை, புலியும் காண்டாமிருகமும், மனிதக் குரங்குகள், கடல் ஆமை ஆகியவற்றுக்கான நிதிகளுக்குப் போகிறது. வாங்குவதும் விடுவதும் அவரவர் இஷ்டம்.

சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. வரி ஏறவில்லை, கஜானாவிலிருந்து புதிதாக எடுக்கவும் வேண்டாம். சிக்கனம் பேசும் எம்.பி.கூட எதை வைத்து எதிர்ப்பார்? நம் ஊரிலும் ஒரு கூடுதல் தலை இருந்தது. 1971 கடைசியில், வங்கதேச அகதிகளுக்காக ஒவ்வொரு கடிதத்திலும் 5 பைசாத் தலை ஒன்றைச் சேர்த்து ஒட்டச் சொன்னார்கள். அது கட்டாயம். அவசரத்துக்கு, குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத் தலையின் மேலேயே அகதி நிவாரணம் என்று அச்சடித்துவிட்டார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினார். கட்டாயம் என்றால் முணுமுணுப்பும் கூடவே வரும்.

தலைக்கு முன்பே அந்த நிதிகளுக்கான சட்டங்கள் வந்துவிட்டன. ஆப்பிரிக்க யானைச் சட்டம் 1988-ல், ரீகன் காலத்தில். புலி–காண்டாமிருகம் 1994, ஆசிய யானை 1997, மனிதக் குரங்கு 2000, மூன்றும் கிளிண்டன் காலத்தில். கடல் ஆமை 2004, புஷ் காலத்தில். தபால்தலைச் சட்டம் 2010, ஒபாமா காலத்தில். ரீகனும் புஷ்ஷும் குடியரசுக் கட்சி, கிளிண்டனும் ஒபாமாவும் ஜனநாயகக் கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். யானையை எந்தக் கட்சியும் சொந்தம் கொண்டாட விடாததுதான் இதில் பெரிய வேலை என்பது என் கணிப்பு. (யானை ரீகன் கட்சியின் சின்னம். அது தற்செயல்தான்!) இன்னொன்றும் கவனியுங்கள். விலங்கு ஆர்வலர்கள் ‘வனவிலங்கு’ என்று மொத்தமாகக் கேட்காமல், ஒவ்வொரு விலங்காகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்று சொன்னால் என் மனைவியே டி.வி.யை மாற்றிவிடுவாள். ஆமைக்குஞ்சு கடலைத் தேடிப் போகிறது என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள்.

கேள்வி: கென்யாவில் டன் கணக்கில் தந்தத்தை எரித்தார்களாமே. விற்றுப் பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பதில்: ஐயா, எனக்கும் முதலில் வயிறு எரிந்தது. 1989 ஜூலை 18, நைரோபி தேசியப் பூங்கா. 12 டன் தந்தம், மதிப்பு சுமார் 30 லட்சம் டாலர். ஜனாதிபதி டேனியல் அராப் மோய் தானே தீ வைத்தார். தந்தம் விறகு மாதிரி பற்றாது. எரிபொருளைக் கொட்டித்தான் எரிய வைத்தார்கள்.

மோய்க்குத் திடீரென்று யானைப் பாசம் வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கென்யாவின் வருமானத்தில் சுற்றுலாவுக்குப் பெரிய பங்கு. சுட்டு வீழ்த்திய யானைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தால் யார் விமானம் ஏறுவார்கள்? வனவிலங்குத் துறைக்கு அந்த வருஷம் தலைவராக வந்த ரிச்சர்ட் லீக்கிக்கு அந்தக் கணக்கு தெரியும். ஒரு கையால் தந்தத்தை விற்றுக்கொண்டு, மறு கையால் ‘வாங்காதீர்கள்’ என்று உலகத்துக்குச் சொன்னால் யார் கேட்பார்கள்? அந்தத் தீயின் படம் உலகம் முழுக்கப் போனது. அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் மாநாடு ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்தைத் தடை செய்தது. தீ மட்டுமே சாதித்தது என்று சொல்லமாட்டேன். அமெரிக்கா ஜூன் மாதமே இறக்குமதியை நிறுத்தியிருந்தது.

ஆனால் ஜிம்பாப்வேயும் போட்ஸ்வானாவும் எதிர்த்தன. ‘எங்கள் யானைகள் நன்றாகத்தானே இருக்கின்றன. வயலை மிதிக்கும் யானையால் கிராமத்துக்கு நாலு காசு வரக்கூடாதா?’ என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. வயலில் யானை புகுந்தவனிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். அவர்களை வில்லனாக்கியதால் பகைதான் மிஞ்சியது. 1997-ல் அவர்களும் நமீபியாவும் ஜப்பானுக்கு ஒரு முறை விற்க அனுமதி வாங்கி, 1999-ல் விற்றும்விட்டார்கள். அப்புறம், சீனா தன் உள்நாட்டுத் தந்த வியாபாரத்தை 2017 முடிவில் மூடியது. வாங்குகிற கடையே மூடியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் சார்பில் எம்.பி.க்கு 500 அச்சிட்ட அட்டைகள் அனுப்பலாம் என்றிருக்கிறோம். பலன் இருக்குமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஒரே வாசகத்தோடு வரும் அட்டைகள் எங்கள் பிரிப்பு மேஜைக்கு வரும்போதே கட்டாகத்தான் இருக்கும். கட்டாகப் போனது கட்டாகவே மூலையில் கிடக்கும். ஐந்து பேர், சொந்தக் கையெழுத்தில், தொகுதியில் தாங்கள் யார், என்ன தொழில் என்று சொல்லி, ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டு எழுதுங்கள். விவசாயி ஒருவர், வியாபாரி ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். பின்கோடு போட மறந்துவிடாதீர்கள்.